பரணுக்கு விலை

"இதுதாண்ணே லாஃப்ட்" என்று புரோக்கர் தம்பி மேலே கை காட்டினார்.

மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டி ஒரு சந்து. பழைய மாடியை டிசைனர் வைத்து இழைத்திருக்கிறார்கள். காரையைச் சுரண்டி செங்கல் தெரிகிறது. இரும்புப் படியேறினால் கட்டில்.

எங்கள் வீட்டில் அதற்குப் பரண் என்று பெயர். புளிப்பானையும் கொலு பொம்மைகளும் தூங்கும்.

தேக்கு உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கியை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். உள்வளைவு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. எத்தனை பேர் ஆடித் தேய்த்ததோ! இப்போது அதில் ஒரு மஞ்சள் விளக்கு தொங்குகிறது.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது. உயர வழியில்லாத வீடுகள் இப்படி உள்ளுக்குள்தான் மாறுகின்றன.

"சித்திரைத் தேர் மாசி வீதியிலதாண்ணே வரும், நாலு எட்டு வச்சா பார்த்திரலாம்."

சரி என்று விலையைக் கேட்டேன்.

அப்புறம் முக்குக்கு வந்து ஒரு பருத்திப்பால் குடித்தேன்.