பச்சைவீட்டுக்குக் கண்ணாடி கேட்டு வருபவர்களுக்கு

மட்டக்களப்பில் கண்ணாடி வெட்டுவது என் தொழில். செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடமான பச்சைவீடு அமைக்க வருபவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தடிப்பைக் கேட்பார்கள், விலை பேசுவார்கள், போய்விடுவார்கள். தகட்டில் என்ன கலந்திருக்கிறது, அது எப்படி ஆறியது என்று கேட்பவர் அரிது.

ஜன்னலுக்குப் போவதும் பச்சைவீட்டுக்குப் போவதும் அடிப்படையில் ஒரே கண்ணாடிதான். நூற்றுக்கு எழுபதுக்குச் சற்று மேல் சிலிக்கா. மிகுதியில் பெரும்பகுதி சோடாவும் (குடிக்கும் சோடா அல்ல, சோடியம் சேர்ந்த காரப்பொருள்) சுண்ணாம்பும். மணலை மட்டும் உருக்க 1,700 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். சோடா அதைக் குறைத்துத் தருகிறது. ஆனால் சோடாவும் மணலும் மட்டுமே சேர்ந்த கண்ணாடி நீரில் கரைந்துவிடும். சுண்ணாம்புதான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. உருகிய குழம்பை வெள்ளீயக் குளத்தில் மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை பிரித்தானியாவின் பில்கிங்டன் நிறுவனம் 1959 இல் அறிவித்தது. பிறகு நீண்ட சூளையில் தகடு மெல்ல ஆற வேண்டும். அவசரமாக ஆறிய தகடு வெட்டுக்கோட்டை மதிக்காது. வெட்டும் சக்கரம் ஓடிய வழியை விட்டு விலகிப் பிளக்கும்.

விளிம்பில் தெரியும் பச்சை, மணலோடு வந்த இரும்பின் நிறம். இரும்பு குறைந்த கண்ணாடி ஒளியைச் சற்றுக் கூடுதலாக விடும், விலையும் கூடும். குளிர்நாட்டு மங்கிய வெயிலுக்கு அது தேவை. நமக்கு வெயிலா பஞ்சம்? அந்தப் பணத்தை வேறெதற்காவது வையுங்கள் என்றே சொல்வேன்.

இங்கே உண்மையான எதிரி ஈரம். மார்கழி மழையில் அடுக்கிவைத்த தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து நின்றால், கண்ணாடியிலுள்ள சோடா அதில் கசியும். நீர் காரமாகிக் கண்ணாடியையே அரிக்கும். பிரித்துப் பார்த்தால் எண்ணெய் படிந்ததுபோல வானவில் நிறம். நாள் சென்றால் பால்வெள்ளைப் படலம். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போகாது. இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே தகடுகளுக்கு இடையில் தூள் தூவி அனுப்புகிறார்கள். வேலை தொடங்கும்வரை தகடுகளைக் கூரைக்குக் கீழே, சாய்த்து, காற்றுப்பட வையுங்கள். தென்னோலையால் மூடி முற்றத்தில் கிடத்தாதீர்கள்.

களுவாஞ்சிக்குடியில் நாற்றுமேடை வைத்திருக்கும் ஓர் ஐயா கூரைக்குக் கண்ணாடி கேட்டார். 1978 சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. கூரைக்கு வலுவேற்றிய டெம்பர் கண்ணாடிதான் என்றேன்.

"வாங்கிக்கொண்டு போய் அங்கே அளவுக்கு வெட்டலாமா தம்பி?"

"முடியாது ஐயா. 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் குளிர்காற்றால் சட்டென்று ஆற்றிய கண்ணாடி அது. வெளிப்புறம் இறுகியும் உட்புறம் இழுபட்டும் இருக்கும். வெட்டப் போனால் முழுத் தகடும் மணிமணியாய் நொறுங்கிவிடும். சட்டம் அடித்து, அளவெடுத்து வாருங்கள். வெட்டி, விளிம்பு தேய்த்து, அதன்பின் டெம்பருக்கு அனுப்புவோம்."

முகட்டில் திறந்து மூடும் வழி வைக்கவும் சொன்னேன். உள்ளே மண்ணும் செடியும் வெளிவிடும் வெப்பக்கதிரைக் கண்ணாடி வெளியே விடாது. சூடேறிய காற்றும் உள்ளேயே தங்கும். நமது சித்திரை வெயிலில் அந்த வழி இல்லாவிட்டால் நாற்றுகள் வெந்துவிடும். அவர் அதையும் சேர்த்தே அளவு கொண்டுவந்தார்.