கலிஃபோர்னியாவில் சி.என்.ஏ. சான்றிதழ்: பெறுவதும் தக்கவைப்பதும்

கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், மாநிலச் சான்று பெற்ற செவிலியர் உதவியாளராக, அதாவது சி.என்.ஏ.வாகப் பணியாற்றி வருகிறேன். இந்தப் பணிக்கு வர விரும்பும் தமிழ்ப் பெண்கள் பெரும்பாலும் தேர்வைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். முறையாகப் பயின்றவருக்குத் தேர்வு ஒரு பெரிய தடையன்று. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க என்னென்ன வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளாதவர்கள்தான் பின்னர் தவித்துப் போகிறார்கள்.

1987ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் செவிலியர் உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா அதை 160 மணி நேரமாக உயர்த்தியிருக்கிறது: வகுப்பறையில் 60, பராமரிப்பு இல்லத்தில் மேற்பார்வையுடன் 100. பதினாறு வயது நிரம்பியவர் எவரும் சேரலாம். சேர்ந்தவுடனேயே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்கு விண்ணப்பத்தை அனுப்பி, லைவ் ஸ்கேன் எனப்படும் மின்னணு முறையில் கைரேகையும் பதிவு செய்துவிட வேண்டும். இந்தியாவில் செவிலியர் படிப்பை முடித்து வந்தவர்கள், தங்கள் மதிப்பெண் சான்றுகளைத் துறைக்கு அனுப்பி, பயிற்சியில்லாமல் நேரடியாகத் தேர்வு எழுத அனுமதி கேட்கலாம். பணம் கட்டிச் சேருவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் பற்றியும் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. மெடிகேர் அல்லது மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டு நிதி பெறும் பராமரிப்பு இல்லத்தில் வேலையில் இருந்தபடியோ, வேலை தருவதாக உறுதி பெற்றோ பயிற்சியைத் தொடங்குபவரிடம் பயிற்சிக்கும் பாடநூலுக்கும் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. சொந்தப் பணத்தில் பயின்றவர், முடித்த 12 மாதங்களுக்குள் அத்தகைய இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தால், பணிபுரியும் காலத்துக்கு ஏற்ப அந்தச் செலவைத் திரும்பப் பெற உரிமை உண்டு. ஆகவே ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

நான் எழுதியது என்.என்.ஏ.ஏ.பி. என்ற செவிலியர் உதவியாளர் தகுதித் தேர்வு. அதில் எழுத்துத் தேர்வுக்கு 70 கேள்விகள். அவற்றில் 60க்கு மட்டுமே மதிப்பெண். பாடநூலை இரண்டு முறை கவனமாகப் படித்தவர் இதைத் தாண்டிவிடுவார். உழைக்க வேண்டியது செய்முறைத் தேர்வுக்குத்தான். ஐந்து செயல்களைச் செய்து காட்ட வேண்டும். அவற்றில் ஒன்று எப்போதும் கை கழுவுதல். இன்னொன்று நாடித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு, எடை, இரத்த அழுத்தம் போன்ற ஏதேனும் ஓர் அளவீடு. கை கழுவும்போது விரல் நுனிகள் கீழ்நோக்கியே இருக்க வேண்டும், சோப்பு நுரையுடன் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும், துடைத்த பிறகு புதிய காகிதத் துண்டால் குழாயை மூட வேண்டும். கழுவிய கை தொட்டியின் உட்புறத்தில் பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். உங்கள் எண்ணிக்கைக்கும் மதிப்பீட்டாளரின் எண்ணிக்கைக்கும் இடையே நான்கு துடிப்புக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பதால், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது ஆபத்து.

பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும். இதை மனப்பாடம் செய்வதைவிட வீட்டில் யாரையாவது கட்டிலில் படுக்க வைத்துப் பழகுவதே சிறந்தது. ஒவ்வொரு செயலிலும் நோயாளியிடம் பேசி என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்வது, திரையை இழுத்து மறைப்பது, சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடுவது, முடித்தபின் கட்டிலைத் தாழ்த்தி அழைப்பு மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது ஆகியவற்றையும் மதிப்பீட்டாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு படி தவறியது நினைவுக்கு வந்தால், அடுத்த செயலைத் தொடங்குவதற்கு முன் அவரிடம் சொல்லித் திருத்திச் செய்யலாம். தேர்வின் ஒரு பகுதியில் தவறியவர் அந்தப் பகுதியை மட்டும் மீண்டும் எழுதினால் போதும்.

இனி, நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் பகுதி. புதுப்பிக்கும் இரண்டாண்டுக் காலத்துக்குள் 48 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். அதில் ஒவ்வோர் ஆண்டிலும் குறைந்தது 12 மணி நேரம் இருந்தாக வேண்டும். இணையவழி வகுப்புகளில் 24 மணி நேரம் மட்டுமே கணக்கில் வரும். கடைசி மாதத்தில் 48 மணி நேரத்தையும் கணினி முன் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பணியிடத்தில் நடக்கும் பயிற்சிகளும் இதில் சேரும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தேதி, தலைப்பு, நேரம், பயிற்றுநரின் கையொப்பம் ஆகியவை உள்ள தாளின் நகலை அன்றே வாங்கி வையுங்கள். வேலை மாறிய பிறகு பழைய இல்லத்தில் போய்க் கேட்பது பெரும்பாடு. வெளி வகுப்பு என்றால், அதை நடத்துபவருக்கு மாநிலம் வழங்கிய அங்கீகார எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்துடன், அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு நாளாவது, அதாவது எட்டு மணி நேரமாவது, ஊதியத்துக்குச் செவிலியர் உதவிப் பணி செய்திருக்க வேண்டும். தொண்டூழியம் இதற்கு ஈடாகாது. கூட்டாட்சி விதிப்படியும் தொடர்ந்து 24 மாதங்கள் ஊதியப் பணி இல்லையென்றால் மறுபடி தகுதியை நிரூபித்தாக வேண்டும். வேலை விசாவில் வந்தவரின் மனைவி, மக்களுக்கான எச்-4 விசாவில் இருக்கும் சகோதரிகள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்: வேலை அனுமதி அட்டை இல்லாமலும் பயிற்சி பெறலாம், ஆனால் ஊதியம் பெற முடியாது. அட்டை எப்போது வரும் என்பதை ஓரளவு கணித்த பிறகு தேர்வுத் தேதியை முடிவு செய்தால், பெற்ற சான்றிதழ் வீணாகாது.

நோயாளியைத் துன்புறுத்தியதாகவோ, புறக்கணித்ததாகவோ, அவர் உடைமையை எடுத்ததாகவோ விசாரணையில் உறுதியானால் அது மாநிலப் பதிவேட்டில் ஏறும்; ஆளெடுக்கும் ஒவ்வொரு பராமரிப்பு இல்லமும் அந்தப் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். ஒரு பாட்டி அன்பாக நீட்டும் இருபது டாலரைக்கூட வாங்காமல், மேற்பார்வைச் செவிலியரிடம் தெரிவித்துவிடுவது உங்களுக்கும் அவருக்கும் பாதுகாப்பு.

வீடு மாறினால் புதிய முகவரியைத் துறைக்குத் தெரிவியுங்கள். காலாவதித் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே புதுப்பித்தல் படிவத்தை நிரப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொண்டு, துறையின் இணையத் தேடலில் உங்கள் பெயருக்கு நேரே புதிய தேதி வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.