இரண்டு கரிநெருப்பு

மார்ச் 5, 2025, திருநீற்றுப் புதன்

காலைப் பூசைக்கே போய்விட்டேன். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல், சாமியார் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டார், மூக்கு நுனி வரை உதிர்ந்தது. வாசகம் மத்தேயு 6. நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு, யாருக்கும் தெரியவேண்டாம் என்கிறார் இயேசு. அதைக் கேட்ட கையோடு வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு ஊர் பார்க்க வருகிறோம். வருஷா வருஷம் இதை நினைத்துச் சிரிப்பு வரும்.

இன்று ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில், பைபிளில் இயேசுவின் சீடர் பேதுரு வரும் இடங்களை மட்டும் வாசிப்பது என்று முடிவு. காரணத்தை அப்புறம் எழுதுகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

சாயந்திரம் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போனதை நிலை நிலையாகத் தியானிக்கிற ஜெபம். 14 நிலையிலும் பேதுருவைத் தேடினேன், ஆளைக் காணோம். ஐந்தாம் நிலையில் ஒரு சீமோன் சிலுவையைத் தூக்க வருகிறார், ஆனால் அவர் சிரேன் ஊர்க்காரர். உயிரையே கொடுப்பேன் என்ற சீமோன், அதாவது பேதுரு, எங்கேயோ ஒளிந்திருக்கிறார்.

சரி, எழுதிவிடுகிறேன். போன நவம்பரில் நான் வேலை பார்க்கும் இடத்தில் கணக்கில் பணம் குறைந்து, பழி என் கூட்டாளி மேல் விழுந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருக்கமாமே?" என்றார். "அப்படியெல்லாம் இல்ல சார், பார்த்தா பேசுவேன், அவ்வளவுதான்" என்றேன். பத்து வருஷம் ஒரே பைக்கில் போய் வந்தவன் அவன். நான் வாயைத் திறந்திருந்தாலும் அவன் வேலை போயிருக்கும், அது தெரியும். ஆனால் அந்த "அவ்வளவுதான்" இருக்கிறதே.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

இந்த வருஷம் வாசித்தது லூக்கா எழுதிய இயேசுவின் பாடுகள். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, முற்றத்தில் கேட்டவர்களிடம் பேதுரு மூன்றாம் முறையும் அவரைத் தெரியாது என்று சொல்லி முடிப்பதற்குள் சேவல் கூவ, ஆண்டவர் திரும்பி பேதுருவைப் பார்க்கிறார். அந்தப் பார்வை லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது. கையிலிருந்த ஓலையைச் சிலுவையாக மடிக்க ஆரம்பித்து பாதியில் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றிலிருந்து விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை, ஜூன் 14 வரை. துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, வள்ளங்கள் மட்டும் போகும். இன்றைய வாசகமும் யோவான் 13, அதே சேவல் பேச்சு: சேவல் கூவுமுன் மூன்று முறை என்னைத் தெரியாது என்பாய் என்று இயேசு முன்கூட்டியே சொல்லும் இடம். வள்ளத்தில் போய்க்கொண்டிருந்த அப்பாவுக்குச் சேவல் கூவும் நேரம் என்றால் வேலை நேரம். பேதுருவும் கடல்காரர்தானே. அந்த ராத்திரிக்குப் பிறகு ஒவ்வொரு விடியலிலும் எங்காவது ஒரு சேவல் கூவியிருக்கும், என்ன செய்திருப்பார்?

ஏப்ரல் 18, புனித வெள்ளி

யோவான் 18. பல தடவை கேட்டதுதான், இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. குளிர் என்பதால் காவலர்கள் கரிநெருப்பு மூட்டியிருக்கிறார்கள், பேதுருவும் கூட நின்று குளிர்காய்கிறார். லூக்காவிலும் முற்றத்தில் நெருப்பு உண்டு, ஆனால் கரி என்று சொல்வது யோவான் மட்டும்தான். வீட்டுக்கு வந்து தேடினேன். கிரேக்கத்தில் அந்தராக்கியா. புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிற சொல், இது ஒன்று. இன்னொன்று யோவான் 21.

தாத்தா வீட்டு முற்றத்தில் சிரட்டைக் கரியில் மீன் சுடுவார்கள். பக்கத்தில் சும்மா நின்றாலே போதும், சட்டையைத் துவைத்த பிறகும் காலரில் அந்த வாசனை இருக்கும். பேதுருவின் மேலாடையிலும் இருந்திருக்கும்.

ஏப்ரல் 19, ராத்திரி

பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசை. கோயிலுக்கு வெளியே புதுத்தீ மூட்டினார்கள். எல்லோரும் நெருங்கிப் போனார்கள், நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

ஏப்ரல் 21, திங்கள்

மதியத்துக்கு மேல் செய்தி வந்தது. திருத்தந்தை, போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார், வயது 88. நேற்றுதான் மாடத்தில் வந்து ஆசி கொடுத்தார். அம்மா அழுதாள். திருத்தந்தையின் மோதிரத்துக்கு மீனவர் மோதிரம் என்று பெயர். மூன்று முறை தெரியாது என்று சொன்ன ஆளை வைத்துத்தான் அந்தப் பெயர்.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்றைய வாசகம் யோவான் 21. இயேசு உயிர்த்த பிறகு பேதுருவோடு ஏழு சீடர்கள் கடலுக்குப் போய் ராத்திரி முழுக்க ஒன்றும் படவில்லை, விடியலில் 153 பெரிய மீன். அந்த 153க்கு அர்த்தம் தேடி எத்தனையோ அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள்: பங்கு பிரிக்கணும், எண்ணாமல் எப்படி?

கரையேறினால் கரிநெருப்பு, அதன்மேல் மீன். தண்ணீரில் குதித்து முதலில் வந்த பேதுருவுக்கு அந்தப் புகை மூக்கில் ஏறியிருக்கும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு வார்த்தை இல்லை, சாப்பிட வாங்க என்கிறார் இயேசு. இருந்தாலும் கொஞ்சம் குறும்புதான், அந்தக் கரையில் வேறு விறகா கிடைக்கவில்லை?

மே 4, ஞாயிறு

மறுபடியும் அதே அதிகாரம், இன்று, என்னை நேசிக்கிறாயா என்று இயேசு பேதுருவிடம் கேட்கும் மூன்று கேள்விகளோடு சேர்த்து. அன்புக்கு கிரேக்கத்தில் இரண்டு சொல் என்று பிரசங்கம் நீண்டது, எனக்கு எப்போதுமே அதில் பெரிய ஈடுபாடு இல்லை. மனசெல்லாம் சட்டைப்பையில் இருந்த போன்மேல்.

ஒரு மணிக்கு என் கூட்டாளியைக் கூப்பிட்டேன். ஆறு மாதம் ஆகிறது. இரண்டாம் ரிங்கிலேயே எடுத்துவிட்டான். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததையெல்லாம் ஆரம்பிக்கவே விடவில்லை.

"என்னல, சாப்டியா?"

"ஆமா, ஆச்சு" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, நான் இன்னும் சாப்பிடவில்லை.