பத்து ரூபாய்க் கயிறு

திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரி போகிற பாதையில், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். 2009-இல் ஆரம்பித்தது. பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ், ரிப்பன், வளையல். அப்புறம் கயிறு. அந்தக் கயிற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசுக்குள் கிடக்கிறது.

2014 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் மத்தியானம் வந்தான். கையில் பத்து ரூபாய் நோட்டு. தொங்கிக்கொண்டிருந்த கயிறுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “அண்ணாச்சி, நான் எந்தக் கலரு கட்டணும்?” என்று கேட்டான்.

“எந்தத் தெருப்பா நீ?” என்றேன். சொன்னான். அதற்குரிய இரண்டு நிறக் கயிற்றை எடுத்துக் கொடுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கையில் கட்டத் தெரியாமல் தடுமாறினான் என்று முடிச்சையும் நானே போட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறம் உண்டு. மணிக்கட்டைப் பார்த்தால் போதும், பெயர்கூடக் கேட்க வேண்டாம்.

அந்தப் பையனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் கோயில் கொடைக்கு வரி பிரிக்க அப்பாவோடு போவேன். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். எந்த வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள், எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுவார்கள் என்பதையெல்லாம் என் கால்தான் முதலில் கற்றுக்கொண்டது. ஒரு வருஷம் எங்கள் சித்தப்பா ஒருவர் வரி கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். சாமி இல்லை என்று சொன்னவர் இல்லை அவர். போன வருஷத்துக் கணக்கைக் கேட்டார், அவ்வளவுதான். ஊர் அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியது. அவர் மகள் கல்யாணத்துக்கு நாங்களும் போகவில்லை. அன்றைக்குப் பூராவும் அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை. ஊரோடு ஒத்துப் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எட்டு வயதில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

என் மகனிடம் மட்டும் கயிறு கட்டாதே என்று சொல்லியிருந்தேன். கட்டாமல்தான் இருந்தான். எட்டாம் வகுப்பில், 2017 வாக்கில், ஒருநாள் குளித்துவிட்டு வந்தவனின் மணிக்கட்டைப் பார்த்தேன். வெயில் படாமல் வெள்ளையாக ஒரு கோடு. தெருமுனை தாண்டியதும் கட்டிக்கொள்வான், வீட்டுக்குத் திரும்பும்போது அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வான். கயிறு என் கடையிலிருந்தே எடுத்தது. கபடிக்கு ஆள் பிரிக்கும்போது வெறுங்கையோடு நிற்பவனை ரெண்டு பக்கமும் கூப்பிடுவதில்லையாம். “நீ எந்தப் பக்கம்லே?” என்பார்களாம். அந்த வகுப்பில் கயிறு கட்டியவன் ஒழுங்கான பையன். கட்டாதவன்தான் சந்தேகப்பட வேண்டியவன்.

கோபத்தில் அவனை அடித்துவிட்டேன். அவன் அழவில்லை. “நீங்க கடையில விக்கீய. நான் கட்டுனா மட்டும் தப்பாப்பா?” என்றான்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் விற்றேன். இதை மறைக்க விரும்பவில்லை.

2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த ஒரு பையனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. செய்தவர்கள் கூடப் படித்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் யாராவது என் கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றிருப்பார்களோ என்று நினைத்து நினைத்து எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கயிறு அத்தனையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன்.

பெரியவள் அப்போது எம்.ஏ. சமூகவியல் படித்துக்கொண்டிருந்தாள். ராத்திரி என்னிடம் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னாள். 1951-இல் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்பவர் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் கூட இருப்பவர்கள் எல்லாரும், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தப்பான கோட்டைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத ஒருவர் மட்டும் அதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசிப் பக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சிக்கியவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்களாம். அதுவும் முன்பின் தெரியாத கூட்டம். எங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருஷம் அதே முகங்களோடு உட்காருகிறார்கள்.

எனக்கு மனசில் தைத்தது அவள் அடுத்துச் சொன்னது. கூட ஒரே ஒரு ஆள் சரியான கோட்டைச் சொன்னாலும், கூட்டத்தோடு போவது வெகுவாகக் குறைந்துவிடுகிறதாம். ஒரே ஒரு ஆள். என் மகன் பெஞ்சில் இன்னொரு வெறுங்கை இருந்திருந்தால் போதும். அந்த ஜூன் மாதம் என்னிடம் வந்த பையனுக்கு, “ஒண்ணும் கட்ட வேண்டாம், போய் சாப்பிடு” என்று சொல்லும் ஆளாக நான் இருந்திருந்தால் போதும். கேள்வியோடுதானே வந்தான்!

கயிறு கட்டக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை 2019-லேயே சுற்றறிக்கை விட்டது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் அதையே பரிந்துரைத்தது. தடை வேண்டியதுதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இப்போது அதே நிறத்தில் செல்போன் கவர் இருக்கிறதா என்று வந்து கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். ஒன்றிரண்டு பேர் நின்று ஏன் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பேசுகிறேன்.

போன மாதம் அந்தப் பையன் வந்தான். இப்போது மீசை வைத்த இளைஞன், பைக்கில் வந்தான். தங்கைக்குப் பேனா வேண்டுமாம். மணிக்கட்டில் கயிறு இருந்தது, சாயம் போன பழையது. எனக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, நீ ஆறாப்பு சேர்ந்த புதுசுல எங்கிட்ட வந்து எந்தக் கலரு கட்டணும்னு கேட்டியே, ஞாபகம் இருக்கா? நான் அன்னைக்கு உனக்கு அதைக் கட்டியிருக்கக் கூடாதுப்பா” என்றேன்.

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான்.

“நானா? அப்படிக் கேட்டிருக்க மாட்டேனே அண்ணாச்சி. எனக்கு எங்க கலரு பொறந்ததுலேருந்தே தெரியுமே.”