விடியா ஸ்க்ரேப்பருக்கு சாணை பிடிச்ச கதை

வீட்டு கார் ஷெட்ல ஒரு பழைய லேத்து (கடைசல் மெஷின்) கிடக்கு, அதோட கிராஸ் ஸ்லைடை, அதாவது டூலைக் குறுக்கால நகர்த்துற பாகத்தை, விடியா முனை வச்ச ஸ்க்ரேப்பரால (சுரண்டுற உளி) கையால சுரண்டி நேர் பண்ணலாம்னு மூணு வாரமா போராடிட்டு இருந்தேங்க. ப்ளூன்னு சொல்ற நீல மை தடவுறேன், சர்பேஸ் பிளேட்ல (துல்லியமா மட்டம் பண்ண பலகை) தேய்க்கிறேன், நீலம் ஒட்டுன மேட்டை சுரண்டுறேன், மறுபடி பாத்தா எல்லா இடத்துலயும் பரவலா ஒட்டாம அதே ரெண்டு மூலையில தான் ஒட்டுது. தோள்பட்டை போனது தான் மிச்சம். எனக்கு கை வரலைனு முடிவே பண்ணிட்டேன்.

அப்புறம் பக்கத்து பட்டறையில இருக்கிற வயசான ஃபிட்டர் ஒருத்தர் வந்தாரு. ஸ்லைடை அவரு பாக்கவே இல்ல, ஸ்க்ரேப்பரை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சு பிடிச்சாரு. முனையில மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு மின்னுச்சு. "இதுல தோசை வேணா திருப்பலாங் கண்ணு"ன்னுட்டு போயிட்டாரு.

கூரா இருந்தா முனையில வெளிச்சம் திரும்பி வராது, வெள்ளைக் கோடு தெரிஞ்சா மழுங்கிடுச்சு. இத்தனை நாள் நான் தள்ளுனப்ப வந்ததெல்லாம் கருப்பு மாவு. நல்ல முனைன்னா காஸ்ட் அயர்ன் கூட சின்னச் சின்ன செதிலா வரும்.

டூல் முனைக்கு வைக்கிற ரொம்ப கடினமான கார்பைடை நம்மூர் பட்டறையில விடியான்னு தான் சொல்லுவாங்க. 1920-கள்ல ஜெர்மனில க்ரூப் கம்பெனி வச்ச பேரு அது, வைரம் மாதிரின்னு அர்த்தம். பேருக்கேத்த மாதிரி சாதா சாம்பல் சாணைக் கல்லுல பிடிச்சா கல்லு தான் தேயும். கார்பைடுக்குன்னு வர்ற பச்சைக் கல்லுல ஓரளவு ஷேப் கொண்டு வரலாம், ஆனா முனையை பூதக்கண்ணாடில பாத்தா ரம்பம் மாதிரி பொடிப்பொடியா உடைஞ்சிருக்கும். கடைசி வேலைக்கு டைமண்ட் தான்.

நான் ஒரு 6 இஞ்ச் டைமண்ட் டிஸ்க் வாங்கி, அம்மாவோட பழைய தையல் மெஷின் மோட்டாரை பெரிய புல்லில மாட்டி மெதுவா சுத்த விட்டேன், பெடல் இருக்கிறதால வேகம் கால்ல தான். முன்னாடி ஒரு சின்ன டேபிள், 5 டிகிரி சாய்வு. பிளேடை ஒரு பக்கம் பிடிச்சு அப்புறம் கவுத்திப் போட்டு இன்னொரு பக்கம், அப்ப மேல் கீழ் ரெண்டு முனையும் 90-க்கு பதிலா 95 டிகிரிக்கு வந்துரும், காஸ்ட் அயர்னுக்கு இது தான் சரியா வருது. முனை நேர்கோடா இருக்கக் கூடாது, லேசா வளைவு வேணும், நான் 60 மில்லிமீட்டர் ரேடியஸ் வச்சிருக்கேன். நேரா விட்டா ரெண்டு ஓரமும் குத்தி கோடு போட்டுரும் (என் ஸ்லைடு முழுக்க அந்த கோடு தான்). டிஸ்க் முனையைப் பாத்து வர்ற மாதிரி சுத்தணும், எதிர்ப்பக்கம் சுத்துனா முனை பேந்துக்கும்னு ஒரு பிளேடைக் காவு குடுத்து கத்துக்கிட்டேன்.

டிஸ்க் மேல சொட்டு சொட்டா தண்ணி விடுங்க, விடியாத் தூள்ல கோபால்ட் இருக்கு, நெஞ்சுக்கு ஆகாது, மாஸ்க்கும் போட்டுக்கோங்க. ஆனா காய்ஞ்ச கல்லுல பிடிச்சு சூடான விடியா முனையை மட்டும் தண்ணில முக்கிடாதீங்க, விரிசல் விட்டுரும்.

சாணை பிடிச்சுட்டு முதல் தள்ளு தள்ளுனேன் பாருங்க, சர்ருனு போச்சு, செதில் செதிலா வந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே நடுவுலயும் நீலம் ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. இப்பல்லாம் ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் டியூப் லைட்ல ஒரு தடவை சாய்ச்சுப் பாத்துட்டு தான் அடுத்த சுத்து. பெடல் எங்கடான்னு அம்மா இன்னும் தேடிட்டு இருக்காங்க.