ரெங்கம் கடைத்தெரு நாட்குறிப்பு, 2021

மே 11, செவ்வாய்

நேற்று அறிவித்துவிட்டார்கள். நாளையிலிருந்து ஜூன் 7 வரை மலேசியா முழுவதும் மறுபடியும் எம்சிஓ, அதாவது கோவிட்டுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு. மாவட்டம் தாண்டக் கூடாது, மாநிலமும் தாண்டக் கூடாது. நாளை மறுநாள் நோன்புப் பெருநாள். காலையில் ஜோகூர் மாநிலம் ரெங்கத்தில் இருக்கும் எங்கள் மளிகைக்கடைக்கு வந்த மக்சிக் (வயதான மலாய் அம்மா) ஒருவர், கூடையில் போட்ட சாமானில் பாதியை எடுத்துத் திரும்ப அடுக்கிவிட்டுப் போனார். கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகள் வரப்போவதில்லை, யாருக்காகச் சமைப்பது என்றார். போன வருஷப் பெருநாளும் அவருக்கு இப்படித்தான் போனது.

நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. அடைத்தால்தான் உயிர் தப்பும் என்றால் அடைக்கட்டும். 2020 மார்ச் 18-ல் முதல் எம்சிஓ தொடங்கியபோது இந்த ஊரில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சொன்னபடி உள்ளே இருந்தோம். ஜூலை தொடக்கத்தில் ஒரு நாளைய தொற்று ஒற்றை இலக்கத்துக்கே இறங்கியது. அது நாம் எல்லாரும் சேர்ந்து வாங்கிய பலன். அதை எப்படிச் செலவழித்தார்கள்? செப்டம்பர் 26-ல் சபாவில் மாநிலத் தேர்தல். சட்டமன்ற உறுப்பினர்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்த சண்டையில் வந்த தேர்தல். தலைவர்கள் பறந்து போய்ப் பிரசாரம் செய்துவிட்டுத் திரும்பினார்கள். தொற்று மறுபடி ஏறியதற்கு அந்தத் தேர்தலும் ஒரு காரணம் என்று பிரதமர் முகைதீன் யாசினே பின்னால் ஒப்புக்கொண்டார். அதற்காக யாராவது பதவி விலகினார்களா? மன்னிப்பாவது கேட்டார்களா? இன்று அந்த மக்சிக் கூடையைக் காலி செய்தபோது எனக்கு அந்தத் தேர்தல்தான் ஞாபகம் வந்தது.

மே 20, வியாழன்

தம்பி இரவு கூப்பிட்டான். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எம்சிஓவுக்கு முன்னால் ஜோகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைக் கடப்பான். விடுமுறைக்கு ரெங்கம் வந்துவிடுவான். 2020 மார்ச் 16 இரவு அறிவிப்பு வந்ததும் யோசிக்க அவகாசம் இல்லை. 18-ஆம் தேதி பிறந்தால் பாலம் அடைபடும். இந்தப் பக்கம் இருந்தால் வேலை போகும், அந்தப் பக்கம் இருந்தால் குடும்பம் எட்டாது. மார்ச் 31 வரைதானே என்று ஒரு பையோடு போனான். அவனைப் போல் ஆயிரக்கணக்கானவர்கள் அன்று கடந்தார்கள், பலர் படுக்க இடமில்லாமல் வெளியில் தூங்கினார்கள். நாளொன்றுக்கு 3 லட்சம் பேருக்குக் குறையாமல் போய்வந்த பாலம் அது.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு வழி திறந்தார்கள். குறைந்தது 90 நாள் அங்கேயே வேலை செய்தபின் விடுப்பில் வீட்டுக்கு வரலாம். ஆனால் இங்கே வந்ததும் தனிமைப்படுத்தல், அங்கே திரும்பியதும் தனிமைப்படுத்தல், சோதனைச் செலவு வேறு. தொழிற்சாலையில் அத்தனை நாள் விடுப்பு யார் கொடுப்பார்கள்? அவனால் வர முடியவில்லை. இந்த மாதம் அந்த வழியையும் நிறுத்திவிட்டார்கள். இறப்பு, இல்லையென்றால் உயிருக்கு ஆபத்தான நோய், இந்த இரண்டுக்கு மட்டும் 17-ஆம் தேதியிலிருந்து தனி அனுமதி உண்டாம். வீட்டுக்கு வர யாராவது சாகக் கிடக்க வேண்டும் என்ற நிலை.

பாலத்துக்கு இரண்டு அரசாங்கம். சிங்கப்பூர் தன் மக்களைப் பார்த்துக்கொள்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் நம் மக்களுக்காகப் பேச வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? இந்த பிப்ரவரியில் அரசிதழில் ஓர் உத்தரவு போட்டார்கள். வெளிநாட்டு அலுவல் முடிந்து திரும்பும் அமைச்சர்களுக்கு 10 நாள் தனிமை வேண்டாம், 3 நாள் கண்காணிப்பு போதும் என்று. ஊரே கொதித்த பிறகு திரும்பப் பெற்றார்கள். கொதிக்காமல் இருந்திருந்தால்?

தம்பி மனைவியிடம் இதையெல்லாம் பேசுவதில்லை. அவள் அழுதால் பிள்ளையும் அழும்.

மே 29, சனி

ஜூன் 1-லிருந்து முழு முடக்கமாம். இன்று தொற்று 9,020. எம்சிஓ ஏற்கெனவே நடக்கிறதே, அப்புறம் இது என்ன என்று கடைக்கு வருபவர்கள் என்னைக் கேட்கிறார்கள். எம்சிஓ, சிஎம்சிஓ, ஆர்எம்சிஓ, இஎம்சிஓ என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்ததில், எதில் எதைச் செய்யலாம் என்பதே யாருக்கும் பிடிபடவில்லை. கடை காலை 8 முதல் இரவு 8 வரை. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர், 10 கிலோமீட்டருக்குள்.

இந்த 10 கிலோமீட்டரை யார் யோசித்தார்களோ தெரியாது. நகரத்தில் அந்த வட்டத்துக்குள் மருத்துவமனை, வங்கி, சந்தை எல்லாம் இருக்கும். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) 10 கிலோமீட்டர் போனால் அங்கேயும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) நிற்கும். குளுவாங் நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் போலீஸ் நிலையத்தில் கடிதம் வாங்க வேண்டும். பிள்ளைகள் ஆன்லைன் பாடம் படிக்கும் ஒரே கைப்பேசி கெட்டுவிட்டால், பழுது பார்க்கக் கடையும் திறந்திருக்காது.

ஜூன் 17, வியாழன்

நேற்று மலாய் ஆட்சியாளர்கள் (மாநில சுல்தான்கள்) கூடிப் பேசிய பிறகு, நாடாளுமன்றம் சீக்கிரம் கூட வேண்டும் என்று மாமன்னர் அறிக்கை விட்டிருக்கிறார். ஜனவரி 12-ல் அவசரகாலம் அறிவித்ததிலிருந்து மக்களவை கூடவில்லை. கோவிட்டை அடக்கத்தான் அவசரகாலம் என்றார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது, தொற்று ஏறித்தான் இருக்கிறது.

எங்கள் கடையைத் திறந்து வைக்கலாம், தோட்டத்தில் வேலை நடக்கலாம், தொழிற்சாலை ஓடலாம். 222 பேர் ஒரு மண்டபத்தில் இடைவெளி விட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பது மட்டும் ஆபத்தா? இதுதான் என் வயிற்றெரிச்சல். அடங்கியிரு என்றால் அடங்கியிருக்கிறோம். ஏன், எத்தனை நாள், எந்தக் கணக்கில் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய இடத்தையே பூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 2, வெள்ளி

இரண்டு மூன்று நாளாக நாடெங்கும் வெள்ளைக்கொடி. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்ப்பவர் உதவுவார். கெஞ்ச வேண்டாம், விண்ணப்பம் நிரப்ப வேண்டாம். மக்களே சமூக ஊடகத்தில் பரப்பி நடத்துவது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கட்டியிருந்தார்கள். அரை நாளில் அரிசி, முட்டை, பால்மாவு எல்லாம் வந்துவிட்டது. முதலில் கொண்டுபோய்க் கொடுத்தவர் எதிர்க்கடை சீனத் தவுக்கே (முதலாளி). அப்புறம் சூராவிலிருந்து (சிறு தொழுகைக்கூடம்) வந்தார்கள், கோயில் இளைஞர்களும் வந்தார்கள். கட்சி, இனம் எதையும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கொடி கட்டாத வீடுகள்தான் எனக்கு அதிகம் தெரியும். என் மேசையில் ‘555’ என்ற கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இங்கே தலைமுறையாகக் கடன் எழுதுவது அதில்தான். சம்பள நாளில் வந்து தீர்ப்பார்கள், மறுநாள் புதிதாகத் தொடங்கும். இப்போது பல புத்தகங்களில் கோடு போட்டு முடிக்காத பக்கங்கள் நீள்கின்றன. சாமானும் மாறிவிட்டது. முன்பு மீன், கோழி எழுதியவர்கள் இப்போது சார்டினும் முட்டையும் எழுதுகிறார்கள். ஒரு பெரியவர் எட்டு முட்டை கேட்டார். தட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றதற்கு, வேண்டாம்மா, எழுதினால் கட்ட வேண்டுமே என்றார். அவர் வாசலில் கொடி கட்ட மாட்டார். நாற்பது வருஷம் ரப்பர்ப் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்.

தோட்டத்தில் வேலை இல்லாமல் இல்லை. செம்பனை எண்ணெய் இந்த வருஷம் டன்னுக்கு 4,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிவிட்டது. எல்லை அடைப்பில் வெளிநாட்டு ஆட்கள் வரவில்லை, குலை வெட்ட ஆள் போதாமல் பழம் உதிர்கிறது என்று மண்டோர்கள் (தோட்டத்து மேற்பார்வையாளர்கள்) புலம்புகிறார்கள். அடிபட்டது லயத்திலிருந்து வெளியே போய்ப் பிழைத்த பிள்ளைகள். உணவகம், முடிதிருத்தும் கடை, கல்யாண மேடை அலங்காரம், பேருந்து ஓட்டுவது என்று இருந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வர, ஒரு சம்பளத்தில் மூன்று குடும்பம் சாப்பிடுகிறது. அரசாங்கம் உதவித்தொகை கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஊழியர் சேமநிதியைத் திறந்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது உதவியா? அது அவரவர் வயதான காலத்துக்கு வைத்த சொந்தப் பணம். அப்படி எடுக்கும் திட்டங்களுக்கு ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், இப்போது ஐ-சித்ரா என்று பெயர்கள்.

இந்த நேரத்தில் கெடா மாநில மந்திரி பெசார் (முதலமைச்சர்), கொடி கட்டுபவர்களுக்கு உதவி கிடைக்காது, இது அரசியல் பிரசாரம் என்று பேசியிருக்கிறார். இன்னொரு நாடாளுமன்ற உறுப்பினர், கொடி தூக்காதீர்கள், கையேந்திப் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறார். பசித்தவரைப் பார்த்து ஒரு தலைவர் இப்படிப் பேசினார் என்பதை நான் மறக்கப்போவதில்லை.

ஜூலை 10, சனி

தம்பியின் மாமனார் நேற்று காலமானார். கோவிட் இல்லை, நெஞ்சுவலி. தம்பி அனுமதிக்கு எழுதிப் போட்டான். அது வந்து, சோதனை முடிந்து, இங்கே வந்து தனிமையில் இருந்து வெளிவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கைப்பேசியில் பார்த்தான். தோட்டத்துச் சனமே திரண்டு வரும் மனிதருக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். மற்றவர்கள் சடக்கோரம் முகக்கவரியோடு நின்று கும்பிட்டார்கள். ஒருவர்கூட விதியை மீறவில்லை.

விதி என்றால் எல்லாருக்கும் விதியாக இருக்க வேண்டும். போன வருஷம் துருக்கி போய்வந்து தனிமைப்படுத்தலை மீறிய அமைச்சருக்கு 1,000 வெள்ளி அபராதம். மேல் நடவடிக்கை இல்லை என்று சட்டத்துறை முடித்துவிட்டது. அவர் பார்த்த இலாகா தோட்டத் தொழில், அதாவது எங்கள் இலாகா. இந்த வருஷம் கிளந்தானில் நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு பர்கர் வியாபாரிக்கு 50,000 வெள்ளிக்குக் கோம்பாவுண்ட் (அபராதம்) எழுதினார்கள். அவர் எத்தனை ஆயிரம் பர்கர் விற்றால் அந்தப் பணம் சேரும் என்று எழுதியவருக்குத் தெரியாதா?

ஜூலை 30, வெள்ளி

25-ஆம் தேதி தொற்று 17,045. மறுநாள் இரண்டு காரியம் நடந்தது. ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்றார்கள். வருஷக்கணக்கில் நிரந்தர வேலை இல்லாமல் இந்த நோயோடு மல்லுக்கட்டியவர்கள். அதே நாளில் மக்களவை கூடியது. அவசரகாலச் சட்டங்களை 21-ஆம் தேதியே ரத்து செய்துவிட்டோம் என்றார் சட்ட அமைச்சர். நேற்று அரண்மனை, மாமன்னர் அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. கடையில் யாரும் சாமான் கேட்கவில்லை, எல்லாரும் வானொலியைக் கேட்டார்கள்.

நாளைக்குக் கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில் இளைஞர்கள் கறுப்புக்கொடியோடு கூடுகிறார்களாம். கூட்டம் கூடுவது சரியா என்று என் கணவர் கேட்கிறார். நோய்க்கு நானும் பயப்படுகிறேன். ஆனால் பேச வேண்டிய மன்றம் ஆறு மாதம் மூடிக்கிடந்தால் பிள்ளைகள் தெருவுக்கு வராமல் எங்கே போவார்கள்? இடைவெளி விட்டு நிற்கட்டும், பத்திரமாக வீடு திரும்பட்டும்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

16-ஆம் தேதி முகைதீன் பதவி விலகினார். நேற்று இஸ்மாயில் சப்ரி யாக்கோப் பதவியேற்றார். முந்தைய அரசில் துணைப் பிரதமராக இருந்தவர். முடக்க விதிகளைத் தொலைக்காட்சியில் தினமும் வந்து சொன்னவரும் அவர்தான். 2018-ல் நாம் ஓட்டுப்போட்ட பிறகு இவர் மூன்றாவது பிரதமர். கடைசி இருவரையும் நாம் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, திங்கள்

பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டாகிவிட்டது, இன்று முதல் மாநிலம் தாண்டலாம். இதைச் செய்தது யார் என்றால் தாதிகளும் மருத்துவர்களும் தொண்டூழியர்களும். மைசெஜாத்ரா செயலி தெரியாத லயத்துப் பாட்டிகளுக்குத் தங்கள் கைப்பேசியில் பதிந்து கொடுத்து, வேன் பிடித்துக் கூட்டிப்போன எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்தான். மக்சிக்கின் மகள் காலையிலேயே கோலாலம்பூரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

நவம்பர் 30, செவ்வாய்

நேற்று பாலம் திறந்தது, அதுவும் ஓரளவு. ஊசி போட்டவர்கள் மட்டும், குறிப்பிட்ட பேருந்தில் மட்டும், ஒரு பக்கத்திலிருந்து ஒரு நாளுக்கு 1,440 பேர். முன்பு 3 லட்சம் பேர் கடந்த இடம். ஜோகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்தில் குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுததைச் செய்தியில் காட்டினார்கள். பிரதமர்களின் படங்களும் வந்தன.

தம்பிக்கு டிசம்பர் நடுவில்தான் டிக்கெட் கிடைத்திருக்கிறது. வந்ததும் மாமனார் காரியம் செய்த இடத்துக்கு முதலில் போக வேண்டும் என்றான். அவன் மனைவி வீட்டைக் கழுவத் தொடங்கிவிட்டாள்.

ஜோகூரில் சீக்கிரமே தேர்தல் வரும் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும். ஓட்டுக் கேட்டு வருபவர்கள் எங்கள் கடைக்கும் வருவார்கள், எப்போதும் வருவார்கள். அவர்களிடம் கேட்க மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். நாடாளுமன்றம் பூட்டிக்கிடந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? பாலம் அடைபட்டிருந்தபோது எங்கள் பிள்ளைகளுக்காக எங்கே பேசினீர்கள்? அந்த முட்டை வாங்கும் ஐயா வீட்டுக்கு ஒரு தடவையாவது போனீர்களா? பதில் சொல்லாமல் கைகுலுக்க விடமாட்டேன்.