மௌரிய யானைக்கு எத்தனை உயிர்ப்புள்ளி?

வியூக விளையாட்டில் ஏதோ ஒரு நாகரிகம் தொடர்ந்து ஜெயிக்கிறது என்று புகார் வந்ததும், வடிவமைப்பாளர்களின் கை நேராகப் போவது அதன் சிறப்புப் படையின் எண்களுக்குத்தான். மௌரியர் என்றால், யானைக்கு 50 உயிர்ப்புள்ளி (சாகும் வரை தாங்கும் அடியின் அளவு) குறைப்பார்கள். அடுத்த பேட்சில் (திருத்தப் பதிப்பில்) தாக்கும் வேகத்தையும் குறைப்பார்கள். நாலு பேட்ச் கழித்துப் பார்த்தால் உருவம் மட்டும் யானையாக இருக்கும், சண்டை குதிரையுடையதாக இருக்கும். வரலாறும் போனது, விளையாட்டின் சுவையும் போனது.

யானையின் பலத்தில் கைவைக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. அந்தப் படைக்கு உண்மையிலேயே இருந்த தொல்லைகளை விளையாட்டுக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலான சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் கணக்கு. ஒரு வேல்வீரருக்கு 100 உயிர்ப்புள்ளி, நொடிக்கு 2 சேதம் என்று வைத்துக்கொள்வோம். யானையின் விலை ஐந்து வீரர்களுக்குச் சமம். ஆகவே அதற்கு ஐந்து மடங்கு உயிரும் ஐந்து மடங்கு தாக்குதலும் கொடுத்தால் நியாயம் என்று தோன்றும்: 500 உயிர், நொடிக்கு 10 சேதம். ஒரு யானையையும் ஐந்து வீரர்களையும் மோதவிடுங்கள். யானை 10 நொடிக்கு ஒருவரைச் சாய்க்கும். முதல் 10 நொடியில் அதற்கு விழும் அடி 100, பிறகு 80, 60, 40, 20. மொத்தம் 300. ஐவரும் செத்த பிறகும் யானையிடம் 200 உயிர் மிச்சம்!

காரணம் எளியது. ஆள் குறையக் குறைய அந்தப் பக்கத்தின் தாக்குதலும் குறைகிறது. யானையோ கடைசிப் புள்ளி வரை முழு வேகத்தில் அடிக்கிறது. இந்த மோதல் சரிசமமாக முடிய, உயிரையும் நொடிச் சேதத்தையும் பெருக்கினால் 3000 வர வேண்டும். நாம் கொடுத்தது 5000. பத்து யானைக்கு ஐம்பது வீரர் என்று பெரிதாக்கினால் ஏட்டுக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகும். ஆனால் திரையில் ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் வேல் எட்டும் தூரத்துக்கு வர முடியாது. பின்வரிசை சும்மா நிற்கும். அங்கேயும் யானைதான் ஜெயிக்கும். இதற்கு மேல் சுற்றியிருப்பவர்களையும் சேர்த்து மிதிக்கும் சேதத்தைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். இலவச விளையாட்டான 0 ஏ.டி.யில் மாட் (ஆடுபவர்களே செய்துகொள்ளும் மாற்றம்) செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் தற்காப்பு ஒவ்வொரு நிலை ஏறும்போதும் விழும் சேதம் 0.9 ஆல் பெருக்கப்படும். நிலை 5 என்றால் 59 சதவீதம் உள்ளே வரும், நிலை 10 என்றால் 35 சதவீதம். 'ஒரே ஒரு நிலைதானே' என்று கூட்டுவது, உயிரை 11 சதவீதம் கூட்டுவதற்குச் சமம்.

இனி யானையின் தொல்லைகள். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரஸின் யானைகளை அலெக்சாண்டரின் வீரர்கள் நேருக்கு நேர் மோதி மட்டும் வீழ்த்தவில்லை. பாகன்மேல் ஈட்டி எறிந்தார்கள், நாலாபுறமும் சூழ்ந்து யானைகளின் மேல் அம்பும் எய்தார்கள். பாகன் இல்லாத யானைகள் நெருக்கடியில் இரண்டு பக்கத்து ஆட்களையும் மிதித்தன. கி.மு. 207இல் ரோமுக்கு எதிரான மெட்டாரஸ் போரில் கார்த்தேஜ் பாகன்கள் கையில் உளியும் சுத்தியலும் இருந்தன. மிரண்ட யானையின் கழுத்தில் அறைந்து அவர்களே கொன்றார்கள். 2004இல் வந்த ரோம்: டோட்டல் வார் இதை அப்படியே எடுத்துக்கொண்டது: யானை மிரளும், சொன்ன பேச்சு கேட்காது, வேறு வழியில்லை என்றால் அதைக் கொல்ல ஒரு பட்டன் இருக்கும். யானையின் வலிமையில் ஒரு புள்ளிகூடக் குறைக்காமல், அதை எப்போது இறக்குவது என்று ஆடுபவரை யோசிக்க வைத்த அருமையான ஏற்பாடு அது. (அதே விளையாட்டு கிரேக்க வழிவந்த தாலமி மன்னர்களின் எகிப்தை ஆயிரம் ஆண்டு பழைய ஃபாரோ காலத்துத் தேர்களோடு காட்டியது இன்றும் உறுத்துகிறது.)

எண்ணாக வைக்க வேண்டுமென்றால் இப்படித் தொடங்கலாம். உயிர் 40 சதவீதத்துக்குக் கீழே போன பிறகு, எறியீட்டியோ நெருப்போ படும் ஒவ்வொரு முறையும் மிரள 15 சதவீத வாய்ப்பு. மிரண்டால் 8 நொடி கட்டுப்பாடு இல்லை, அருகில் யார் இருந்தாலும் மிதி. இங்கே வழக்கமாக நேரும் தவறு, அதே வாய்ப்பை ஒவ்வோர் அம்புக்கும் கணக்கிடுவது. நாற்பது வில்லாளர்கள் சேர்ந்து எய்தால் ஒரே நொடியில் எல்லா யானையும் மிரண்டுவிடும். மிரண்டு தெளிந்த யானைக்கு அடுத்த 20 நொடி விலக்கு கொடுங்கள். எறியீட்டியைவிட அம்புக்கு வாய்ப்பைக் குறைத்து வையுங்கள்.

குதிரைக்கு எதிராக மட்டும் யானையைத் தாராளமாக விடலாம். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்த செலூக்கஸ், மௌரிய மன்னர் சந்திரகுப்தரிடமிருந்து 500 யானைகளைப் பெற்றார். கி.மு. 301இல் இப்சஸ் போரில் அந்த யானைகள் செய்த பெரிய வேலை, எதிரணியில் இருந்த டெமெட்ரியஸின் குதிரைப்படை களத்துக்குத் திரும்ப முடியாதபடி மறித்து நின்றது. யானை வாசனைக்குப் பழகாத குதிரை கிட்டே வராது. சிவிலைசேஷன் 6 விளையாட்டில் இந்தியாவின் வாரு யானை, பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் எதிரியின் பலத்தில் 5ஐக் குறைக்கிறது. எல்லா எதிரிக்கும் என்று வைத்திருக்கிறார்கள். குதிரைக்கு மட்டும் என்று வைத்திருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும். எல்லா யானையும் ஒன்றில்லை என்பதும் முக்கியம். கி.மு. 217இல் ராஃபியா போரில் எகிப்து மன்னர் தாலமியின் 73 ஆப்பிரிக்க யானைகளில் பல, செலூக்கஸ் வழிவந்த அந்தியோக்கஸின் 102 இந்திய யானைகளின் முன் நிற்க மறுத்துத் தம் அணியையே குலைத்தன. ஆனாலும் போரில் வென்றது தாலமிதான். யானைச் சண்டையில் ஜெயித்தால் ஆட்டமே முடிந்தது என்ற நிலை உங்கள் விளையாட்டில் இருந்தால் அது சரியில்லை.

விலையிலும் வரலாற்றைக் கேட்கலாம். குதிரையைப் போல யானையைப் பண்ணையில் பெருக்க முடியாது. சினைக்காலமே 22 மாதம், குட்டி வேலைக்கு ஆக இன்னும் பல வருடம். அர்த்தசாஸ்திரம் இருபது வயது யானையைப் பிடிக்கச் சொல்கிறது. ஆகவே யானைக்கொட்டிலைக் காட்டோரத்தில் மட்டும் கட்டவிடுங்கள். எதிரிக்கு அங்கே தாக்கும் வாய்ப்பு கிடைக்கும், ஆரம்பத்திலேயே யானைக்கூட்டம் குவிவதும் நிற்கும். அந்தக் காட்டை வெட்டித் தீர்த்தால் கொட்டில் முடங்கும் என்று சேர்த்தால், மரமா யானையா என்ற நல்ல இழுபறியும் வரும்.

மதிலும் அப்படியே. மௌரியத் தலைநகர் பாடலிபுத்திரத்துக்கு இருந்தது மரமதில். 570 கோபுரம், 64 வாயில் என்று கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் சொன்னதாகக் குறிப்பு உண்டு, அகழாய்விலும் மரக்கட்டைகள் கிடைத்திருக்கின்றன. மௌரியருக்குக் கல்மதிலைக் கொடுக்காமல், பாதி விலையில் சீக்கிரம் எழும்பி நெருப்புக்குச் சுருளும் மரமதிலைக் கொடுங்கள். அன்றைய இந்திய நெடுவில்லும் தனித்தன்மையுள்ளது: ஆள் உயரம், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து இழுப்பது. அடி பலமாகவும் எய்யும் வேகம் குறைவாகவும் இருக்கட்டும், நகர்ந்துகொண்டே எய்ய முடியாது. சேற்று நிலத்தில் இன்னும் மந்தமாக வேண்டும். ஜீலத்தில் மழைச்சேறு அந்த வில்லை வழுக்கவும் வைத்தது, தேர்களைச் சிக்கவும் வைத்தது.

இவ்வளவும் செய்த பிறகு வெற்றி விகிதத்தைப் பாருங்கள், ஆனால் அவசரப்படாமல். 100 ஆட்டத்தில் 54 சதவீதம் என்பது ஒன்றையும் நிரூபிக்காது. பிழை எல்லை ஏறத்தாழ 10 புள்ளி. 400 ஆட்டத்தில் 5, 1000 ஆட்டத்தில் 3. ஆட்ட நீளத்தால் பிரித்தும் பாருங்கள். 15 நிமிடத்துக்குள் முடிந்தவற்றில் 42, 30 நிமிடம் தாண்டியவற்றில் 65 என்றால், சராசரி 52 என்று நிம்மதியாகக் காட்டும். உண்மையில் இரண்டு பக்கமும் உடைந்திருக்கும். ஒரு பேட்சில் ஒரே எண்ணை மாற்றுங்கள். மிரளும் வாய்ப்பையும் விலையையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

வரைபடத்தையும் விட்டுவிடக் கூடாது. மௌரிய நிறத்தைக் குமரி வரை பூசுவது தவறு. அசோகரின் 2ஆம் பாறைக் கட்டளையே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரை எல்லைக்கு வெளியே வைக்கிறது. ஜம்பைக் கல்வெட்டு கிடைத்த பிறகு சத்தியபுத்திரர் அதியமான் மரபினர் என்பதும் தெளிவு. தெற்கை வெல்லும் நிலமாக வைக்காமல் வணிகத் துணையாக வையுங்கள். அர்த்தசாஸ்திரமே பாண்டிய முத்தைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. தெற்குக்கு வணிகச் சாத்து அனுப்பினால் முத்து வரும், அந்த முத்தை விற்ற பணம் காட்டோரக் கொட்டிலுக்குப் போகும்.